சத்தத்தைக் கண்ணால் பார்க்கலாம்!

சத்தத்தைக் காதால் கேட்கலாம். கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும்! ஒரு கிண்ணம், ஒரு பலூன், ஒரு சிட்டிகை ரவை போதும்.

"ஒலி என்பது அதிர்வு" என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்குகிறார்கள். அந்த அதிர்வைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அதைப் பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஜவ்வாது மலை அடிவாரத்தில், போளூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளியிலும் செய்து காட்டலாம்.

ரவை ஆடும் ஆட்டம்

பலூனை வெட்டி, கிண்ணத்தின் வாயில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். மேலே ரவையைத் தூவுங்கள். அருகில் நின்று, "ஊ" என்று குரல் கொடுங்கள். ஊதக்கூடாது, குரல் மட்டும்தான்.

ரவை துள்ளும்! சுருதி சரியாக அமைந்தால், கோடு கோடாக ஒதுங்கி நிற்கும்.

காரணம் என்ன? அதிரும் இடம் ரவையை உதறித் தள்ளுகிறது. அதிராத இடத்தில் அது அடைக்கலம் புகுகிறது. அந்தக் கோலமே சத்தத்தின் படம்!

நெப்போலியன் பார்த்தார்

ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி கிளாட்னி, தகட்டில் மணலைத் தூவி, வயலின் வில்லால் அதன் ஓரத்தை இழுத்தார். மணல் கோலம் போட்டது! 1787-ம் ஆண்டில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். 1809-ல் பாரிஸ் நகரில் நெப்போலியனுக்கே செய்து காட்டினார்.

மிருதங்கத்தின் ரகசியம்

திருச்சியில் பிறந்து, நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன், நம் நாட்டு மிருதங்கத்தை ஆராய்ந்தார். அதன் தோலிலும் மணலைத் தூவிப் பார்த்தார்.

சாதாரணத் தோல் கருவியில் ஒரே அடியில் பல சுருதிகள் எழும். அவை ஒன்றோடு ஒன்று சேராது. மிருதங்கத்தில் இனிமையாகச் சேருவது எப்படி?

வலந்தலையின் நடுவில் கறுப்பாகப் பூசியிருக்கும் 'சோறு'தான் காரணம்! கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் அரைத்து, அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். அந்தப் பாரம் சுருதிகளை ஒழுங்குபடுத்துகிறது.

ராமன் இதை 1920-ல் 'நேச்சர்' பத்திரிகையிலும், பிறகு விரிவாகவும் எழுதினார். ஆனால் அதற்கு முன்பே காதாலும் கையாலும் இதைக் கண்டுபிடித்த தொழிலாளிகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை!

எல்லோருக்கும் பாடம்

பறை அடிப்பவர் தோலைத் தீயில் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். தோல் இறுகினால் சுருதி உயரும். பலூனை இன்னும் இழுத்துக் கட்டினாலும் அப்படியே. திருவிழாவில் பார்த்ததும் வகுப்பில் படிப்பதும் ஒன்றே என்று பிள்ளைகளுக்கு அப்போது புரியும்.

இன்னொரு நன்மையும் உண்டு. ரவை துள்ளுவதைக் காது கேளாத பிள்ளையும் பார்க்கலாம். விரலால் தொட்டு உணரலாம். அன்றைய ஒலிப் பாடம் அந்தப் பிள்ளைக்கும் சொந்தம்!