எக்ஸிக்யூட்டிவ் கோச்: ஃபீஸ் கொடுப்பது கம்பெனி, மனம் விட்டுப் பேசுவது மேனேஜர்... ரகசியம் யாருக்கு?

லிங்க்ட்இன்னில் பத்து நிமிஷம் ஸ்க்ரோல் பண்ணினால் போதும். நேற்று வரை டெலிவரி ஹெட், ஹெச்.ஆர். மேனேஜர் என்று இருந்தவர்களின் பெயருக்குக் கீழே இப்போது ‘எக்ஸிக்யூட்டிவ் கோச்’ என்று இருக்கிறது. இருபது வருஷ அனுபவம், நல்ல பேச்சு, கையில் ஒரு சான்றிதழ். இது போதுமே என்று தோன்றும். தொழில் ஆரம்பிக்க இது போதும்தான். தொழில் நிற்பதற்கு வேறு ஒன்று தேவைப்படுகிறது.

முதலில், கோச் என்ன செய்கிறார்?

கன்சல்டன்ட் ‘இதைச் செய்யுங்கள்’ என்று விடை சொல்வார். மென்ட்டார் தன் அனுபவத்தைச் சொல்வார். கோச்சின் வேலை கேள்வி கேட்பது. மேனேஜர் தானே யோசித்து ஒரு முடிவுக்கு வரும்வரை கூட இருப்பார். அடுத்த சந்திப்பில் ‘அன்னிக்கு சொன்னீங்களே, செஞ்சீங்களா?’ என்று விடாமல் விசாரிப்பார். மனநலச் சிகிச்சை தேவைப்படுகிற ஒருவர் வந்தால், கோச் விலகி, அவரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இந்த எல்லை தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வராமல் இருப்பதே நல்லது.

சான்றிதழ் கட்டாயமா?

இல்லை. இந்தியாவில் கோச் என்று போர்டு மாட்ட எந்த லைசென்ஸும் தேவையில்லை. அதனாலேயே பெரிய கம்பெனிகள் ஒரு சான்றிதழை எதிர்பார்க்கின்றன. பரவலாக அறியப்பட்டது ஐ.சி.எஃப். எனப்படும் சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு தருவது. 1995-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அமைப்பு இது. முதல் நிலையான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் பயிற்சியும், 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும். அடுத்த நிலையான பி.சி.சி.க்கு 500 மணி நேரம். உச்சமான எம்.சி.சி.க்கு 2,500 மணி நேரம். இந்த மணிக்கணக்கில் பெரும்பகுதி காசு வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து கிளையன்ட், ஒவ்வொருவருக்கும் மாதம் இரண்டு முறை ஒரு மணி நேரம் என்றால், 100 மணி நேரம் சேர 10 மாதம் ஆகும். 500-க்கு நான்கு வருஷத்துக்கு மேல். வேலையை விட்டுவிட்டு இறங்க நினைப்பவர்கள் சேமிப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சிக்கல் எங்கே வருகிறது?

பணத்தில். பெரும்பாலும் ஃபீஸ் கட்டுவது கம்பெனி. உட்கார்ந்து பேசுவது மேனேஜர். ஒரு உதாரணம்: மூன்றாவது சந்திப்பில் மேனேஜர், ‘கையில வேற ஆஃபர் இருக்கு, ரெண்டு மாசத்துல கிளம்பிடலாம்னு பார்க்கிறேன்’ என்கிறார். அன்றைக்கே ஹெச்.ஆர். தலைவர் லிஃப்ட் பக்கத்தில் கோச்சைப் பிடித்து, ‘எப்படி சார் போகுது? எங்க ஆள் தேறிடுவாரா?’ என்று கேட்கிறார்.

உண்மையைச் சொன்னால் அந்த மேனேஜர் இனி வாய் திறக்க மாட்டார். விஷயம் பரவினால் அந்த ஆபீஸில் வேறு யாரும் திறக்க மாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் நழுவினால், ‘காசு கொடுக்கிறோம், என்ன நடக்குதுன்னே தெரியலை’ என்று அடுத்த ஒப்பந்தம் வராது. அந்த நேரத்தில் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் தப்பிக்க முடியாது. முதல் சந்திப்புக்கு முன்பே பேசி எழுதிக்கொண்டிருந்தால் மட்டுமே முடியும்.

அதற்குத்தான் முத்தரப்பு ஒப்பந்தம். மேனேஜர், அவருடைய பாஸ் அல்லது ஹெச்.ஆர்., கோச் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து இலக்கை முடிவு செய்கிறார்கள். எத்தனை சந்திப்பு நடந்தது, இலக்கு என்ன என்பது கம்பெனிக்குப் போகும். உள்ளே பேசியது போகாது. முன்னேற்றத்தை மேனேஜரே தன் வாயால் பாஸிடம் சொல்வார். உயிருக்கு ஆபத்து, சட்ட மீறல் போன்ற விதிவிலக்குகளும் அதிலேயே இருக்கும். யாருக்கு எந்தத் தகவல் போகும் என்பதை முன்கூட்டியே தெளிவாக்க வேண்டும் என்று ஐ.சி.எஃப். நெறிமுறையும் சொல்கிறது. லிஃப்ட் பக்கத்தில் கேள்வி வந்தால், ‘அதை அவரே அடுத்த ரிவ்யூல சொல்வார் சார்’ என்று கோச் சங்கடமில்லாமல் சொல்லிவிடலாம்.

ரகசியம் காத்தால் விளம்பரம் எப்படி?

யாரிடம் என்ன மாறியது என்று விளக்கி விளம்பரம் செய்ய முடியாத தொழில் இது. இதற்கு அமெரிக்காவின் மார்ஷல் கோல்ட்ஸ்மித் கண்ட வழி சுவாரஸ்யமானது. ஒன்றிரண்டு பழக்கங்களை மட்டும் இலக்காக எடுத்துக்கொள்வார். உதாரணமாக, மற்றவர் பேசும்போது குறுக்கே பேசுவது. அந்தப் பழக்கம் மாறியதா என்று கூட வேலை செய்பவர்களிடமே கேட்பார். ‘மாறியிருக்கிறார்’ என்று அவர்கள் சொன்னால்தான் ஃபீஸ், இல்லையென்றால் கிடையாது. அறைக்குள் பேசியதை வெளியே சொல்லாமலே வேலை நடந்ததை நிரூபிக்கும் முறை இது. புதிதாகத் தொடங்குபவர் ஃபீஸை இப்படிப் பணயம் வைக்க வேண்டியதில்லை. அளவிடும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்.

இன்னொருவர் பில் கேம்ப்பெல். கொலம்பியா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு 1974 முதல் 1979 வரை கோச்சாக இருந்தார். 12 வெற்றி, 41 தோல்வி! பிறகு ஆப்பிளில் பணியாற்றி, இன்டூயிட்டின் சி.இ.ஓ. ஆனார். 2001-ல் கூகுளுக்கு வந்த எரிக் ஷ்மிட்டிடம், ‘கோச் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று முதலீட்டாளர் ஜான் டோர் சொன்னபோது, தனக்கு எதற்கு என்று முதலில் தயங்கினார் ஷ்மிட். அப்படி வந்தவர்தான் கேம்ப்பெல். 2016-ல் அவர் இறந்த பிறகு, அவரைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்களில் ஷ்மிட்டும் ஒருவர். கேம்ப்பெல் ஷ்மிட்டிடம் போய்ச் சேர்ந்தது விளம்பரத்தால் அல்ல, நம்பிக்கையான ஒருவரின் பரிந்துரையால். இன்றும் பல கோச்சுகளுக்கு வேலை வரும் வழி அதுதான்.

கணக்கு வழக்கில் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு அவசியம். கம்பெனிகள் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் பணம் தரும். இன்வாய்ஸ் அனுப்பிய மறுநாளே வராது.

சரி, நீங்கள் கோச் ஆகப்போவதில்லை. உங்கள் கம்பெனியே உங்களுக்கு ஒரு கோச்சை நியமிக்கிறது. முதல் நாளே இதைக் கேட்டுவிடுங்கள்: ‘நான் இங்கே சொல்றதுல எது வெளியே போகும்? அது எங்கே எழுதியிருக்கு?’