கைப்பேசி வழியே அரிசிக்கு வாடிக்கை தேடுதல்

சீவலப்பேரியில் சித்தாறு தாமிரவருணியோடு கலக்குமிடத்தை அடுத்த நஞ்சைகளில் நெல் நன்கு விளைவது யாவரும் அறிந்ததே. விளைந்ததை விற்கும் விதத்திலேதான் நம் விவசாயிகளிற் பலர் நஷ்டம் அடைந்து வருகின்றனர். அறுவடைக் கூலியும் கடனும் நெருக்கவே, வியாபாரி கேட்ட விலைக்குக் களத்திலேயே அளந்து விடுகின்றனர். அந்நெல் அரிசியானபின் என்ன விலை பெறுகிறது என்பதைப் பாளையங்கோட்டைக் கடையில் தாமே வாங்கும்போது அறிகின்றனர்.

இடைத்தரகரின்றி விற்பதற்கென 1999-ம் வருஷத்தில் மதுரையில் முதல் உழவர் சந்தை ஏற்பட்டது. பாளையங்கோட்டை மகாராஜநகரிலும் ஒன்று உண்டு. ஆயினும் அது பெரும்பாலும் காய்கறிக்கு ஏற்ற இடம். அரிசிக்கு மாதந்தோறும் தவறாமல் வாங்கும் குடும்பங்கள் வேண்டும். அவற்றைத் தேடிக்கொள்ள இப்போது கைப்பேசி தக்க சாதனமாக இருக்கிறது.

2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தபோது, ஈரோடு ஜில்லா விவசாயி ஒருவர் தம் முட்டைக்கோசுக்கு வாங்குவோர் இல்லாமையை டுவிட்டரில் படத்தோடு தெரிவித்தார்; வாங்குவோர் முன்வந்தனர். இது பத்திரிகைகளில் வெளிவந்த செய்தி. எனினும் அஃது ஆபத்துக்கால உதவி. முகமறியாதாருடைய இரக்கத்தை நம்பி வருஷந்தோறும் பயிரிடலாகாது.

நாம் தேட வேண்டியவர் முகமறிந்தவரே. சீவலப்பேரியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்து சென்னை, கோயம்புத்தூர், பம்பாய் முதலிய இடங்களிற் குடியேறியோர் அநேகர். மெல்லிய அரிசி எங்கும் கிடைக்கும்; அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 போன்ற குறுகிப் பருத்த அரிசியின் சோற்றுக்குப் பழகிய நாவுக்கு அது திருப்தி தருவதில்லை. துர்க்கையம்மன் கோயிலுக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் வரும் இவர்களிடம் எண்ணை வாங்கி, நம் எண்ணையும் பதிந்துகொள்ளச் செய்தல் வேண்டும். இது முக்கியம். ஏனெனில், வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாமாயினும், நம் எண்ணைத் தம் கைப்பேசியிற் பதிந்தவர்க்கே அது போய்ச் சேரும். வியாபாரிகளுக்கென்று 2018-ல் வந்த தனி வாட்ஸ்அப்பில் சரக்கின் படத்தையும் விலையையும் நிரந்தரமாக வைக்கலாம். அனுப்பும் செய்தியும் வயலைப் பற்றியதாக இருக்கட்டும்: நாற்று நட்ட நாள், கதிர் வந்த நாள், அறுத்த நாள். காலைதோறும் பூப்படமும் வணக்கமும் அனுப்புவோருடைய செய்தியை எவரும் திறந்து பார்ப்பதில்லை.

வாடிக்கை பிடிப்பதைவிட அதை நிலைநிறுத்துவது கடினம். நான் சொன்ன யோசனையின்படி ஒரு விவசாயி தீட்டாத அரிசியை ஒரே தடவையில் நிறைய அரைத்து வைத்தார். தவிட்டிலுள்ள எண்ணெய் கெட்டுச் சில வாரங்களில் சிக்கு நாற்றம் எடுத்தது. மூன்று வீட்டார் வாங்குவதை நிறுத்தினர். குற்றம் என்னுடையதே. நெல்லை ஈரப்பதம் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கு மேற்படாமல் உலர்த்தி நெல்லாகவே சேமித்து, பணத்தோடு கேட்பு வந்தபின் தேவையான அளவு மட்டும் அரைப்பதே முறை. 100 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 65 கிலோ அரிசி காணும்; அரவைக் கூலி, சாக்கு, லாரி வாடகை யாவற்றையும் சேர்த்த பிறகே விலை சொல்ல வேண்டும். சொன்னபின் மாற்றலாகாது. வண்டு விழக்கூடும் என்பதையும் முன்னதாகவே எழுதிவிடுவது நலம்.

விவசாயி தன் நெல்லை நெல்லாகவே விற்கும்வரை 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது. அரிசியாக்கி விற்றால் அவர் உணவு வியாபாரி ஆகிறார். பதிவு செய்துகொள்ள வேண்டும். முன்னதாகவே பொட்டலம் கட்டி விற்பவர் அதன்மேல் பெயர், விலாசம், நிகர எடை, கட்டிய மாதம், விலை இவற்றை அச்சிடுவதும் சட்டப்படி அவசியம். கிராம அதிகாரிகள் இதை எடுத்துச் சொல்வது பெரிய உபகாரமாகும்.

இனி மோசடியைப் பற்றி. தம்மைப் பட்டாள அதிகாரி எனக் கூறிக்கொண்டு ஐம்பது மூட்டைக்கு ஒருவர் பேசுவார். விலையில் ஒரு ரூபாயும் குறைக்கக் கேளார். அதுவே சந்தேகத்துக்கு இடம். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கட்டப் படத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை அழுத்தச் சொல்வார். அழுத்தினால் நம் பாங்குக் கணக்கிலிருந்தே பணம் போய்விடும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் வேண்டுவதில்லை. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக் காலம் தாழ்த்தாமல் உடனே 1930 என்ற எண்ணில் தெரிவித்தால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க இடமுண்டு.

முதற் போகத்தில் பத்து வீடுகளுக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம். எஞ்சிய நெல்லை வழக்கம்போல் விற்கலாம். பட்டியல் அமைக்கும் விதத்தையும், நெல்லின் ஈரம் பார்க்கும் விதத்தையும் கிராமத்தார் ஐந்தாறு பேராகக் கூடி அழைத்தால் நேரில் வந்து செய்து காட்டச் சித்தமாயிருக்கிறேன்.