கையில் ஃபைல்... மனதில் பாரம்! புற்றுநோயாளியின் துணைக்கு யார் துணை?

விடிந்தும் விடியாத நேரம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் புறப்படும் மின்சார ரயிலில் அலுவலகக் கூட்டம் இன்னும் சேரவில்லை. ஜன்னலோரத்தில் தலையில் துப்பட்டா சுற்றிய மனைவி. பக்கத்தில் தடித்த ஃபைலும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் நிரம்பிய பையோடு கணவர். எட்டாவது நிறுத்தமான கிண்டியில் இறங்கி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு பஸ் பிடிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட தம்பதிகளைப் புறநகர் ரயில்களில் அடிக்கடி பார்க்கலாம். மனைவியோடு வரும் கணவரானாலும் கணவரோடு வரும் மனைவியானாலும் மருத்துவமனையில் அவர்களுக்கு ஒரே பெயர்தான்... `அட்டெண்டர்'.

1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. அதை உருவாக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நோயாளியின் அருகில் இருப்பவர் படும் வேதனை அவருக்கும் தெரிந்திருந்தது.

காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள்!

கீமோ ஏற்றும் நாளைவிட, அதற்குப் பிறகு வீட்டில் கழியும் நாள்களில்தான் துணையின் வேலை அதிகம். பொதுவாக 7 முதல் 14 நாள்களுக்குள் ரத்த வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல்கூட அவசர சிகிச்சைக்கு உரியதுதான். `ஒரு மாத்திரை போட்டுப் பார்ப்போம், விடியட்டும்' என்று இருந்துவிடக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். அதனால் வீட்டில் ஒரு தெர்மாமீட்டரும், கைக்கு எட்டும் இடத்தில் மருத்துவமனையின் போன் நம்பரும் இருப்பது அவசியம்.

`கரன்ட் வைக்கிறது' என்று மக்கள் சொல்லும் ரேடியேஷன் சிகிச்சை, பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள்கள் எனப் பல வாரங்கள் நீளும். இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். ஆனால், போக வர ஒரு நாளே போய்விடும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

செலவுக்கு என்ன வழி?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் தயாராக இருந்தால் அலைச்சல் குறையும்.

வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களுக்கு ரயில் கட்டணச் சலுகையும் உண்டு. ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்கு முழுக் கட்டண விலக்கு; உடன் வரும் ஒருவருக்கு 75 சதவிகிதத் தள்ளுபடி. அதற்கான படிவத்தில் மருத்துவரின் கையெழுத்து வேண்டும்.

உங்களுக்கும் உடம்பு இருக்கிறது!

நோயாளியின் மாத்திரையை நிமிடம் தவறாமல் எடுத்துக் கொடுப்பவர்கள், தங்கள் சர்க்கரை மாத்திரையை மறந்துவிடுவது சகஜம். `மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான வலி தணிப்புச் சேவையும் அதில் உண்டு.

எல்லாவற்றையும் ஒருவரே சுமக்க வேண்டும் என்பதில்லை. வாரத்தில் ஒருநாள் அண்ணனோ, மைத்துனியோ, வளர்ந்த பிள்ளையோ ஃபைலைத் தூக்கலாம். அன்று ஒரு நாளாவது அவர் நிம்மதியாகத் தூங்கட்டும். கணவர் சமையலறைக்குள் நுழைந்து ஒரு கஞ்சி வைக்கப் பழகுவதும், மனைவி பேங்க் வேலைகளைத் தெரிந்துகொள்வதும் இந்த நாள்களில் பெரிய பலம்.

உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் போன் செய்தால் முதலில் கேட்பது, `அவங்களுக்கு இப்போ எப்படி இருக்கு?' என்பதுதான். அடுத்த முறை இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

``நீங்க சாப்பிட்டீங்களா?''