எல்லா ஒலியும் ஒரே வலிவில் கேட்டால்?

மாணவர்களே! கந்தசஷ்டி நாளில் ஆதிச்சநல்லூர் வழியே திருச்செந்தூர் செல்லும் பேருந்தை எண்ணிப் பாருங்கள். எஞ்சின் இரைகிறது; ஹாரன் அலறுகிறது; பாட்டு முழங்குகிறது. ஆயினும் பக்கத்து நண்பன் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது. ஏன்? வானொலிப் பெட்டி வேண்டிய நிலையத்தை மட்டும் பிரித்தெடுப்பதுபோல, மூளையும் வேண்டிய ஒலியை முன்னிறுத்தி, மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு இது எளிதில் நிகழ்வதில்லை. எல்லா ஒலிகளும் ஒருசேர வந்து மோதுகின்றன. சட்டைத் துணியின் உரசல்கூடச் சிலரைத் துன்புறுத்தும். காதைப் பொத்திக்கொள்வதும் உடலை முன்னும் பின்னும் அசைப்பதும் பிடிவாதம் அன்று. பெரும்பாலும் அமைதி தேடும் முயற்சியே ஆகும்.

பிறரோடு உரையாடிப் பழகுவதில் வேறுபாடு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், அன்றாட ஒழுங்கு மாறினால் தவித்தல் ஆகியவையும் ஆட்டிசத்தின் அடையாளங்களே. இவற்றின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். சிலர் பேசுவதே இல்லை. சிலர் சரளமாகப் பேசுவர்.

1943-இல் அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் லியோ கானர், இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பின்னர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்ற கருத்துப் பரவியது. எத்தனை தாய்மார்கள் வீண்பழி சுமந்தனர்! 1964-இல் பெர்னார்டு ரிம்லண்ட் தம் நூலில் அதை மறுத்தார். அவரே ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. 1977-இல் இரட்டையர்களிடம் நடந்த ஆய்வு, மரபுக்கு இதில் பெரும் பங்கு உண்டு எனக் காட்டியது. இது மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, தொற்றுநோய் அன்று. தடுப்பூசியோடு இதைத் தொடர்புபடுத்திய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட இதழே 2010-இல் விலக்கிக்கொண்டது.

ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. அப்படி விற்பவரை நம்ப வேண்டாம். ஆனால் இளவயதிலேயே அளிக்கும் பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் பெரிதும் உதவும். ஆட்டிசம் உள்ள ஜியா ராய் என்னும் 13 வயது மாணவி, 2022 மார்ச்சில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டரை 13 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். எல்லோரும் இவ்வாறு சாதிக்க வேண்டும் என்பதில்லை. சாதனை புரியாத குழந்தைக்கும் வகுப்பில் இடம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியதே.

உங்கள் வகுப்பில் அத்தகைய நண்பன் இருந்தால் என்ன செய்யலாம்? சுருக்கமாக, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், விடைக்குப் பொறுத்திருங்கள். கேட்காமல் தொடாதீர்கள். நாளைய மாறுதலை இன்றே தெரிவியுங்கள். அவன் காதைப் பொத்தினால் சிரிக்காதீர்கள், இரைச்சலைக் குறையுங்கள்.