காக்கா கொத்திய கடன் வீடு

காக்காவுக்குச் சோறு வைத்திருப்பீர்கள். ஜன்னல் வைத்திருக்கிறீர்களா? நான் வைத்தேன். அதுவும் பேங்க் லோன் போட்டு, இருபது வருஷத் தவணையில்!

காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணை ஆற்றுப் பக்கம் என் வீடு. மாடியில் ஒரே ஒரு அறை. அதற்கு அலுமினிய ஜன்னல், கறுப்புக் கண்ணாடி என்று ஏக அலட்டல். வேலை ஓசூர் சிப்காட்டில். விடியற்காலை பஸ் பிடித்தால் வீடு திரும்ப இருட்டிவிடும். பகலில் என் ஜன்னல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

போன மார்ச்சில் ஒருநாள் அம்மா, "டேய், ஜன்னலோரம் தினம் கறுப்பா ஏதோ கொட்டிக் கிடக்குது, பெருக்கி மாளலை" என்றாள். எடுத்துப் பார்த்தேன். சிலிகான்! கண்ணாடிக்கும் சட்டத்துக்கும், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் புகாமல் அடைக்கிற பேஸ்ட். நேராக ஜன்னல் போட்டவரிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"சார், நான் அடிச்ச சிலிகானை யானை இழுத்தாலும் வராது!"

"யானை மாடிக்கு வரலைங்க. வேற யாரோ இழுக்கறாங்க!"

ஞாயிற்றுக்கிழமை ஒளிந்திருந்து பார்த்தேன். ஆசாமி சிக்கினார். காக்கா! கண்ணாடியைப் பார்த்தது. முறைத்தது. டொக், டொக் என்று ஒரு பத்து கொத்து. உள்ளே இருந்தவனும் சளைக்காமல் கொத்தவே, ஆத்திரம் தாங்காமல் ஓரத்துச் சிலிகானைச் சேமியா மாதிரி உருவி எறிந்தது.

காரணம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற மாதங்களில் காக்காவுக்குத் தன் எல்லை என்றால் உயிர். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அதற்குப் புரியாது. எவனோ இடத்தைப் பிடிக்க வந்துவிட்டான் என்று சண்டைக்குப் போகும். தவிர, மெத்தென்று எதைக் கண்டாலும் அலகால் இழுத்துப் பார்ப்பது பறவைச் சுபாவம். கார் வைப்பர் ரப்பரைப் பறிகொடுத்தவர்களுக்கு இது தெரியும்.

இதில் நாம் மட்டும் இளிச்சவாயர்கள் இல்லை. 1995-ல் அமெரிக்காவின் டிஸ்கவரி விண்கலம் ஏவுதளத்தில் தயாராக நின்றது. மரங்கொத்திகள் வந்து அதன் எரிபொருள் தொட்டியைச் சுற்றியிருந்த நுரைப் பூச்சில் சுமார் 200 ஓட்டைகள் போட்டுவிட்டன! விண்கலத்தைத் திரும்ப ஷெட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டுப்போட்டு, ஜூனில் கிளம்ப வேண்டியதை ஜூலை 13-ல் அனுப்பினார்கள். காவலுக்குப் பிளாஸ்டிக் ஆந்தை வைத்தார்களாம்! நாஸாவுக்கே அந்தக் கதி என்றால் என் மாடி எம்மாத்திரம்?

மே மாதம் கோடை மழை கொட்டியது. மாங்காய்க்காரர்கள் காற்றைப் பார்த்துப் பயந்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்து. பயந்தபடியே ஆயிற்று. காக்கா பிடுங்கிய இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, பக்கத்தில் மாட்டியிருந்த அப்பா போட்டோவுக்குள் புகுந்துவிட்டது. அப்பாவுக்கு இருந்ததே அந்த ஒரு போட்டோதான். முகத்தில் பாதி கரைந்து போச்சு.

அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் வேறு, "சோத்துல எலி மருந்தைக் கலந்து வையி கண்ணு. ஒரே நாள்ல தீர்ந்துச்சு" என்று தூபம் போட்டார். நானும் வாங்கிவிட்டேன், சார். சட்டைப் பையில் பொட்டலம்.

மறுநாள் அமாவாசை. அம்மா மாடிக்கு வந்து, கைப்பிடிச் சுவரில் இலை போட்டுச் சோறு வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டாள். வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? அதே ஆசாமி! வாலோரம் ஒரு இறகு குறைச்சல், அடையாளம் தப்பாது.

"பார்த்தியா, அப்பா வந்துட்டார்டா" என்றாள் அம்மா. கண்ணில் தண்ணீர்.

என் சட்டைப் பை சுட்டது. எலி மருந்துச் சோற்றை அந்தக் காக்கா மட்டுமா தின்னும்? மைனா, கோழி, தெரு நாய், யார் வீட்டுக் குழந்தையோ...

நியூசிலாந்தில் கியா என்று ஒரு மலைக்கிளி. (கார் இல்லை, நிஜக் கிளி!) கார், கேரவன் எது நின்றாலும் ரப்பரை உரித்துவிடும். ஆடுகளைக் கொத்துகிறது என்று ஒரு நூறு வருஷம் அதன் தலைக்கு விலை வைத்து, சுமார் ஒன்றரை லட்சம் கிளிகளைக் கொன்றார்கள். 1986-ல்தான் முழுப் பாதுகாப்பு கிடைத்தது. இன்னொரு கொடுமை, பழைய கூரைகளின் ஈயத் தகட்டையும் ஆணியையும் இனிக்கிறதென்று கடித்து, ஈய விஷம் ஏறி அவை செத்துப்போகின்றன. பறவையால் வீட்டுக்கு வந்த சேதத்தைப் பூசி மறைக்கலாம். வீட்டால் பறவைக்கு வந்ததை?

பொட்டலத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, ஜன்னல்காரரைக் கெஞ்சி அழைத்து வந்தேன். பழைய சிலிகானைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தார். பழசின் மேல் புதுசு ஒட்டாதாம். புதுசு அடித்து, காயும்வரை துணி போட்டு மூடி, அதன்மேல் மெல்லிய அலுமினியப் பட்டி வைத்து அடைத்தார். இனி அலகுக்கு இழுக்க எதுவும் அகப்படாது.

கண்ணாடிக்கு வைத்தியம் செலவில்லாதது. வெளிப்பக்கம் பேப்பர் ஒட்டினேன். உட்பக்கம் ஒட்டினால் பிரயோசனமில்லை; பிம்பம் வெளியேதான் விழுகிறது. மழையில் கிழிந்தால் வேறு ஒட்டிக்கொள்கிறேன். ஜூன் தாண்டினால் அதுவும் வேண்டியிருக்காது.

அம்மாவிடம் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டேன். "அப்பாதான் வந்தார்னா, தன் போட்டோவைத் தானே ஏம்மா நனைக்கணும்?"

"அந்த போட்டோ அவருக்குப் பிடிக்கவே பிடிக்காதுடா. மீசை கோணல்னு கடைசிவரை சொல்லிட்டே இருந்தார்!"

இப்போதும் தினம் காலையில் வருகிறது. கொத்துவதில்லை. ஜன்னலில் ஒட்டிய பேப்பரைத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அப்பாவும் அப்படித்தான். காலையில் பேப்பர் பார்க்காமல் காபி குடிக்க மாட்டார்.