ஏட்டில் ஏறாத சுரைக்காய்



2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை. காலை 10 மணியளவில் மும்பை மாநகரெங்கும் மின்சாரம் தடைப்பட்டது. புறநகர் ரயில்கள் வழியிலேயே நின்றன. டிராம்பே அனல்மின் நிலையத்தை அண்டையில் வைத்திருக்கும் நம் செம்பூரும் இதற்கு விலக்காகவில்லை. பின்னர் மின்சாரம் வந்ததும் எங்கள் ஆய்வுக்கூடத்துச் சர்வர் தானாகவே எழுந்துகொண்டது. ஆனால் யார் அழைத்தும் அது மறுமொழி தரவில்லை. பெருந்தொற்றுக் காலமாதலால் நாங்கள் அனைவரும் வீடுகளில் இருந்தோம். மறுநாள் ஒப்படைக்க வேண்டிய ஆய்வுக் குறிப்புகளோ அந்தப் பெட்டிக்குள் இருந்தன. உயிர் உண்டு, உறவு இல்லை என்னும் நிலை!

அருகில் குடியிருந்த நண்பர் ஒருவர் அனுமதி பெற்று உள்ளே சென்றார். நாங்கள் தொலைபேசியில் வழி சொன்னோம். இத்தகைய கோளாற்றை அடியிலிருந்து மேல்நோக்கித் தேட வேண்டும் என்பதை அன்று கற்றோம். அம்முறை வருமாறு:

முதலாவது, கேபிள். சர்வரின் பின்புறம் கேபிள் நுழையும் துளையருகே சிறு விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் குறை பெரும்பாலும் கேபிளிலோ சுவிட்சிலோ இருக்கும். சுவிட்ச் சர்வருக்குப் பிந்தி விழிப்பதும் உண்டு. அப்போது முகவரி கேட்ட சர்வர், கொடுப்பாரின்றி ஏமாந்து நிற்கும். 169.254 என்று தொடங்கும் முகவரியைக் கண்டால் இதை ஐயுறலாம்.

இரண்டாவது, கார்டு. நெட்வொர்க் கார்டு சர்வரின் கண்ணுக்குப் புலப்படுகிறதா? வன்பொருள் பட்டியலிலேயே அது இல்லையெனில், கழற்றிச் சரியாகப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, டிரைவர். என்றோ நிறுவிய புதிய கெர்னல், அடுத்த முறை சர்வர் எழும்போதுதான் ஆட்சிக்கு வரும். பழைய கெர்னலுக்கென்று ஆக்கிய டிரைவர் புதியதோடு இணங்காமற்போகலாம்.

நான்காவது, பெயர். முன்னாளில் லினக்ஸ், கார்டுகளைக் கண்ட வரிசையில் ஈத்0, ஈத்1 என்று பெயரிட்டது. வரிசை மாறினால் பெயரும் மாறும். ஒன்றின் முகவரி மற்றொன்றின் தலையில் ஏறும். இதைத் தவிர்க்க, பொருத்திய இடத்தைக் கொண்டு பெயரிடும் முறையை 2013-இல் சிஸ்டம்டி கொண்டுவந்தது. எனினும் புதுக் கார்டு செருகினால் இட எண் மாறக்கூடும். ஆதலால் கார்டின் 12 இலக்க மேக் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நன்று.

ஐந்தாவது, முகவரியும் வெளிவாயிலும். இவை அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டுள்ளனவா?

எங்கள் சர்வரில் விளக்கு எரிந்தது. கார்டும் டிரைவரும் பெயரும் சரியாகவே இருந்தன. முகவரி மட்டும் இல்லை! படிப்பு முடித்துச் சென்றுவிட்ட மூத்த மாணவர் ஒருவர், அவசரத்தில் முகவரியைக் கட்டளையாகக் கொடுத்தாரேயன்றிக் கோப்பில் எழுதவில்லை. அது நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது. மின்சாரம் போனதும் மறைந்தது. மாதக்கணக்கில் குறையின்றி ஓடிய சர்வருக்குள் இக்குறை உறங்கிக் கிடந்ததை ஒருவரும் அறியோம். அவர்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. எழுதப்பட்டதா என்று எங்களில் எவரும் கேட்கவில்லையே! மாலைக்குள் இரண்டு வரி எழுதினோம். குறிப்புகள் கைக்கு வந்தன.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. சர்வர் உலகிலோ, ஏட்டில் ஏறாத சுரைக்காய்தான் கறிக்கு உதவாது. இப்போது ஓடுகிறது என்பது நாளையும் எழும் என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே நண்பர்களே, மாற்றம் எதையேனும் செய்தால் கோப்பில் எழுதுங்கள். எழுதியதை மற்றவருக்கும் சொல்லுங்கள். பின்பு, ஆள் அருகிலிருக்கும் ஒரு பகற்பொழுதில், நீங்களே சர்வரை அணைத்து எழுப்பிப் பாருங்கள். மின்சாரம் நமக்கு வைக்கும் தேர்வை நாமே முன்கூட்டி எழுதிப் பார்ப்பது நல்லதன்றோ?