அவருக்கு நாலு மணி நேரம்... எனக்கு நாலு மணி நேரம்!

"பெரியம்மா, அடுத்த வாரம் நாங்க டூர் போறோம். கடலோரமா ஒரு வாரம். இவருக்கு கோல்ஃப் ஆடணுமாம்!"

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் தங்கை மகள் போனில் இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கம்மாபுரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு கோல்ஃபைப் பற்றி என்ன தெரியும்? ஒரு தடவை ஊட்டி போனபோது, பச்சைப் பசேலென்ற புல்வெளியில் தொப்பி போட்ட நாலு பேர் நீளக் குச்சியோடு நிற்பதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

"நீ என்னடி பண்ணப் போறே? மாப்பிள்ளை பந்து அடிக்க, நீ பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் போன வருஷத்தோட போச்சு பெரியம்மா. இந்தத் தடவை திட்டம் போட்டது நான்!" என்றாள்.

அவள் போட்ட திட்டத்தைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டிலும் ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அவள் கதை. கோல்ஃப் என்பது லேசுப்பட்ட விளையாட்டு இல்லையாம். மொத்தம் 18 குழிகள். ஒவ்வொன்றிலும் பந்தைத் தள்ளி முடிக்க ஆறேழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அயர்லாந்தின் கடலோரத்தில் மணல் மேடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. உழுது பயிர் செய்ய லாயக்கில்லாத மணல். புல் மட்டும் முளைக்கும், ஆடு மேயும். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும். அந்த மேடுகளிலேயே நூறு வருஷத்துக்கு முன்னால் மைதானங்களை அமைத்துவிட்டார்கள். மேற்குக் கரையில் லஹிஞ்ச் என்ற ஊரில் 1892-லும், அதற்குத் தெற்கே பாலிபனியன் என்ற ஊரில் 1893-லும் ஆரம்பித்தவை இன்றைக்கும் நடக்கின்றன. லஹிஞ்சில் ஒரு வேடிக்கை. மைதானத்தில் ஆடுகள் திரியும். அவை கட்டடத்தின் பக்கமாக வந்து ஒண்டினால் மழை வரப் போகிறது என்று அர்த்தமாம்! ஆடு சொல்லும் ஜோசியத்தில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. கிளப்பின் சின்னமே ஆடுதான்.

போன வருஷம் மாப்பிள்ளை ஐந்து நாளில் ஐந்து மைதானம் என்று திட்டம் போட்டாராம். காலையில் ஒரு ஊர், ராத்திரி இன்னொரு ஊர். நாலு வயசுப் பெண் கார் ஸீட்டிலேயே அழுது அழுது தூங்கியது. இவள் கிளப் கான்டீன்களில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பிய அன்றைக்கு, "டூர் எப்படி இருந்தது?" என்று மாப்பிள்ளை கேட்டிருக்கிறார். இவள் பதில் சொல்லாமல் அழுக்குத் துணி மூட்டையை அவர் முன்னால் வைத்தாளாம்.

இந்த வருஷம் இரண்டே ஊர். லஹிஞ்சில் மூன்று ராத்திரி, பாலிபனியனில் மூன்று ராத்திரி. நடுவில் ஷானன் ஆறு கடலில் கலக்கும் இடம். காரோடு படகில் ஏறினால் இருபது நிமிஷத்தில் அக்கரை. மைதானத்தில் நேரம் கிடைக்க மாசக்கணக்கில் முன்னாடியே பதிவு செய்ய வேண்டும் என்பதால், எந்த நாளில் யாருக்கு என்ன என்பதும் முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. அவர் காலையில் நாலு மணி நேரம் ஆடினால், மத்தியானம் நாலு மணி நேரம் பிள்ளை அவர் பொறுப்பு. இவள் தன் இஷ்டம். பக்கத்தில் மோஹர் பாறைகள் என்று கடலிலிருந்து செங்குத்தாக எழுநூறு அடி எழுந்து நிற்கும் மலை விளிம்பு இருக்கிறது. அங்கே தனியாகப் போய் உட்கார்ந்திருந்தாளாம். "என்னடி பண்ணினே?" என்றேன். "ஒண்ணும் பண்ணலை பெரியம்மா. அதுதான் விசேஷம்" என்றாள்.

பெயர் பெற்ற இந்த மைதானங்களில் ஒரே ஒரு தடவை ஆட நம் பணத்தில் பல ஆயிரம் ஆகிறது. "அவ்வளவு காசு கொடுத்து அவர் ஆடுறப்போ, காசே இல்லாத நாலு மணி நேரத்தை நான் கேக்கக் கூடாதா?" என்று கேட்டாளே பார்க்கலாம்! (அவளுக்கும் ஆடச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று மாப்பிள்ளை கூப்பிட்டிருக்கிறார். அந்த நாட்டில் அது புதிதும் இல்லை. மே ஹெஸ்லெட் என்ற பெண் 1899-ல், பதினேழே வயதில், பிரிட்டிஷ் பெண்கள் பட்டத்தையே ஜெயித்திருக்கிறாள். ஆனால் நம் பெண்ணுக்கு அதில் மனசு போகவில்லை.)

போனை வைத்துவிட்டு வந்து நான் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாங்கள் போன டூர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அது ஆச்சு பல வருஷம். ஒரு வேன், பதினாலு பேர், ஒரே நாள். சிதம்பரம், பிச்சாவரம், வைத்தீஸ்வரன் கோயில், பூம்புகார், திருக்கடையூர், நாகூர், வேளாங்கண்ணி. ஒன்று விடாமல் பட்டியல்! நான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பதினாலு பேருக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் கிளறினேன். பிச்சாவரத்தில் எல்லோரும் படகில் ஏறினார்கள். சாப்பாட்டுத் தூக்குகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக நான் கரையில் உட்கார்ந்தேன். படகு திரும்பும் வளைவு வரைக்கும் பார்த்தேன். பிறகு மரங்கள் மறைத்துக்கொண்டன. பூம்புகாரில் சின்னவன் வாந்தி எடுத்தான். அவனை வேனிலேயே மடியில் போட்டுக்கொண்டேன். ஆகக் கடல் பார்க்கப் போன நான் கடலில் கால் வைக்காமலே வீடு திரும்பினேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. யாரும் என்னைக் காவலுக்கு இருக்கச் சொல்லவுமில்லை. நானாகத்தான் உட்கார்ந்தேன். உங்களில் எத்தனை பேர் இப்படி உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன?

என் மாமியார் கதை இன்னும் மோசம். எங்கள் ஊரிலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போனால் ஐம்பது கிலோமீட்டருக்குள் கடல். விருத்தாசலத்தில் கோயிலை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு, வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. நம் ஊர்த் தண்ணீர் போகிற இடத்துக்கு நம்மால் போக முடியவில்லை! எழுபத்திரண்டு வயதில் அத்தை கடலைப் பார்த்தது இரண்டே தடவை. ஒன்று, ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி மாசி மகத்துக்குக் கிள்ளைக்கு எழுந்தருளியபோது, கூட்டத்தோடு கூட்டமாக. (அங்கே தர்கா வாசலில் முஸ்லிம் பெரியவர்கள் சாமிக்கு மரியாதை செய்வார்கள். பார்க்கக் கண் கோடி வேண்டும்.) இன்னொன்று, மாமா அஸ்தியைக் கரைக்கப் போனபோது.

அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து விஷயத்தை ஆரம்பித்தேன். "மூணு நாள், ரெண்டே இடம். சமையல் கிடையாது" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "அத்தனை தூரம் போயிட்டு வேளாங்கண்ணி போகாம வர்றதா?" என்றார். "வேளாங்கண்ணிக்கு இன்னொரு தடவை தனியா போவோம்" என்று சொல்லிவிட்டேன். இந்த ஒரு பதிலில்தான் டூரின் வெற்றியே அடங்கியிருக்கிறது, சகோதரிகளே. இடங்களைச் சேர்க்க ஆயிரம் பேர் வருவார்கள். நீக்க ஒருத்தர் வேண்டும்.

புறப்பட்டது தை மாசக் கடைசியில். நம் கடலோரத்துக்கு அதுதான் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். சித்திரை, வைகாசியில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு, கடலோரத்தில் நல்ல மீன் சாப்பிடலாம் என்று போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

சாமான் கட்டுவதில்தான் நாம் தோற்றுப்போகிறோம். எங்கள் பக்கத்துப் பீங்கான் பொம்மைகளை வெளியூர் அனுப்பும்போது பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றையும் வைக்கோலில் பொதிந்து, இடித்துக்கொள்ளாமல் பெட்டியில் வைப்பார்கள். ஆனால் நாம் நம்மை அனுப்பும்போது மட்டும் திணித்துக்கொண்டு போகிறோம்! இந்தத் தடவை ஆளுக்கு ஒரு பை, அவரவர் பையை அவரவர்தான் தூக்க வேண்டும் என்று சட்டம். முதல் நாளைக்கு மட்டும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. மருந்து டப்பாவில் காய்ச்சல் மாத்திரை, பஞ்சு, அத்தையின் பிரஷர் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம். பொட்டலம் கிடைக்காவிட்டால் பயப்பட வேண்டாம். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், தலை தட்டி அளந்து, கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். உப்பு மட்டும் கூடிவிடக் கூடாது.

முதல் நாள் சிதம்பரத்தில் அறை எடுத்து, சாயங்காலம் நடராஜரைத் தரிசித்துவிட்டுத் தூங்கிவிட்டோம். மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் பிச்சாவரம் படகுத்துறை. சிதம்பரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகுதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும். உள்ளே போனதும் சத்தமே இல்லை. சுரபுன்னை மரங்கள் நாலா பக்கமும் வேரை ஊன்றிக்கொண்டு, தண்ணீருக்கு மேல் நடந்து வருகிற மாதிரி நிற்கின்றன. இன்னொரு வகை மரத்தின் வேர்கள் சேற்றிலிருந்து ஆணி ஆணியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் மூச்சு வாங்க வேரே வெளியே வருகிறது என்று படகுக்காரர் சொன்னார். 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்துக்கு எம்.ஜி.ஆர். இங்கே வந்த கதையையும் சொன்னார். அத்தைக்கு அதில்தான் முகம் மலர்ந்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்தது. 2022-ல் இதை உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. படகில் போகும்போது குழந்தைகள் இலையை ஒடிக்க விடாதீர்கள். இங்கே தில்லை மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். ஒடித்தால் அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து.

மத்தியானம் சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி. டென்மார்க்காரர்கள் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கட்டிய கோட்டை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழில் புத்தகங்கள் அச்சிட்டது இந்த ஊரில்தான். இதெல்லாம் எங்க வீட்டுக்காரருக்கு உயிர். அவருடைய கோல்ஃப் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்! போனதும் கோட்டை, பழைய தேவாலயம், கல்லறை எழுத்து என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு சுற்றினார். நான் பேரனைப் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் மூன்று மணிக்கு என் முறை. பேரனை அவர் கையில் கொடுத்தபோது, "பால் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நானும் அத்தையும் கோட்டைக்கு முன்னாலிருக்கும் மணலுக்குப் போனோம். அங்கே குளிக்க இறங்கக் கூடாது. அலை இழுக்கும், கரையெல்லாம் பாறாங்கல் வேறு. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே விழுங்கிய கடல் அல்லவா? கணுக்கால் நனைந்தால் போதும் என்று ஓரமாக நின்றோம். அத்தை புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் ஒரு அடி பின்னால் வந்து, அலை போனதும் ஒரு அடி முன்னால் போய், சின்னப் பெண் மாதிரி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு மணலில் உட்கார்ந்துகொண்டோம். தூக்குச் சட்டி இல்லை, செருப்புக் காவல் இல்லை.

"நாம இப்ப எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்?" என்று கேட்டார்கள் ஒரு சமயம்.

"சும்மாத்தான் அத்தை" என்றேன்.

"சும்மாவா?" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தார்கள். இருட்டுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பஸ் ஏறி, விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கம்மாபுரம் வந்து சேர்ந்தோம். செலவுக் கணக்கு எழுதிப் பார்த்ததில் வேன் டூரைவிட ஒரு ஆளுக்கு ஜாஸ்திதான் ஆகியிருந்தது, மறைக்கவில்லை. தங்கும் அறைக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கும் ஆன செலவு அது. மறுநாள் வழக்கம்போல எழுந்து வாசல் தெளிக்க என் உடம்பில் தெம்பு இருந்தது. அதற்கு எந்தக் கணக்கில் வரவு எழுதுவது என்று அவரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

அடுத்த தடவை பரங்கிப்பேட்டைதானாம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் கடலில் விழுகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அத்தை இப்போதே பையை எடுத்து வைத்துவிட்டார்கள்.